நெற்றியில் ஒரு பள்ளம்

உம்கேனி ஆறு கடலோடு சேரும் இடத்தைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள் புளூ லகூன் என்று அழைக்கிறார்கள். நீலம் பெயரில் மட்டும்தான். ஜனவரி மழைக்குப் பிறகு அங்கே போய் நின்றால், பால் குறைவாக ஊற்றிய தேநீர் நிறத்தில் ஆறு கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். சனிக்கிழமை மாலைகளில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆகிய இந்தியக் குடியிருப்புகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். காரின் பின்கதவைத் திறந்துவைத்து, ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றிய பன்னி சாவைப் பிய்த்துத் தின்பார்கள். ஆண்கள் தூண்டில் போடுவார்கள். பெண்கள் தூண்டில் போடுகிறவர்களைக் குறை சொல்வார்கள். நான் இரண்டாவது கூட்டம்.

அப்படி ஒரு மாலையில், எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்ற பையனின் தூண்டிலில் ஒரு சுறாக் குட்டி ஏறியது. பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். குட்டி என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளம்தான். ஆனால் தலையை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நீட்டியதைப்போல் இருந்தது. “கொம்பன்!” என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தத் தலையைப் பார்த்தால் வேறு சொல் வராது. பையனுக்குத் தமிழ் தெரியாது. “ஹேமர்” என்றான், சுத்தியல்தலைச் சுறா என்ற பொருளில்.

எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அங்கிள் மெல்ல எழுந்து வந்தார். எழுபத்தாறு வயது. இந்த ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் அங்கிள்தான். மாமா, சித்தப்பா என்று தொடங்கினால் எந்த வழியில் உறவு என்று விசாரணை வந்துவிடும். “நீயும் பாதிப் பெயர்தான் சொன்னாய் அம்மா, அவனும் பாதிப் பெயர்தான் சொன்னான்” என்றார். (அவர் பேசுவது டர்பன் இங்கிலீஷ். நடுநடுவே அவருடைய தாத்தா காலத்துத் தமிழ்ச் சொற்கள் வந்து விழும். இங்கே முழுவதையும் நான் தமிழில் தருகிறேன்.) குட்டியின் தலையை ஈரக் கையால் பிடித்து, நெற்றி விளிம்பின் நடுவில் சுண்டுவிரலை வைத்துக் காட்டினார். “இதோ, இங்கே ஒரு பள்ளம். பள்ளம் இருந்தால் ஒரு ஜாதி. இல்லாவிட்டால் இன்னொரு ஜாதி.”

பிறகு முள்ளைக் கழற்றி, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, குட்டியை அலையின் பக்கம் முகம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறிது நேரம் கழித்துக் கையை விட்டார். நீந்திப் போனதா, மூழ்கிப் போனதா என்று அந்தக் கலங்கல் நீரில் எங்களுக்குத் தெரியவில்லை. கொம்பன் சுறாக்கள் சட்டென்று மனம் விட்டுவிடும் பிராணிகள். ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவற்றின் செவுளுக்குள் தண்ணீர் பாயும். முள்ளிலோ வலையிலோ மாட்டி அசைவு நின்றால் மற்ற பல சுறாக்களைவிடச் சீக்கிரம் செத்துவிடும். இதை அங்கிள் சொல்லவில்லை. நான் பிறகு படித்தேன். அன்று இரவு முதல் நிறையப் படித்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் காரணம். மீன்களுக்குப் பெயர் வைப்பதில் எங்கள் கரையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவள் நான். திருக்கையில் எத்தனை வகை, வாளையில் எத்தனை வகை என்று என் அப்பா விரல் விட்டு எண்ணுவார். அப்படிப்பட்ட வீட்டில் இந்த இரண்டு சுறாவுக்கும் சேர்த்து ஒரே பெயர்: கொம்பன். எனவே இந்தக் கட்டுரைக்காக நானே இரண்டு பெயர்களை வைத்துக்கொள்கிறேன். பள்ளம் உள்ளது நெளிநெற்றிக் கொம்பன். பள்ளம் இல்லாமல் நெற்றி வழுவழுப்பாக வளைந்திருப்பது வழுநெற்றிக் கொம்பன். ‘வழு’ என்றால் பிழை என்றும் பொருள் உண்டு என்பது பெயர் வைத்த பிறகுதான் உறைத்தது. மாற்றவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அறிவியலுக்கும் முதலில் தெரிந்தது வழுநெற்றிதான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758இல் அதற்கு ‘சைகீனா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நுகத்தடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தை நினைத்துக்கொண்டு அந்தத் தலையைப் பாருங்கள், சுத்தியலைவிட அதுதான் பொருத்தம். நெளிநெற்றிக்கு ‘லெவினி’ என்ற பெயர் கிடைத்தது 1834இல்தான். இரண்டும் நான்கு மீட்டர் வரை வளரும். இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும். நெளிநெற்றி ஓர் ஈற்றில் 12 முதல் 41 குட்டி வரை போடுகிறது என்று கணக்கு இருக்கிறது. வழுநெற்றியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தலையின் அடியில் மணலுக்குள் புதைந்திருக்கும் இரையின் மின்துடிப்பைக்கூட உணரும் நுண்துளைகள் இரண்டுக்கும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி.

வீடுதான் வேறு. நெளிநெற்றி வெதுவெதுப்பான கடலைத் தேடுவது. வழுநெற்றிக்குக் குளிர் பழக்கம். தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்தால், கிழக்குக் கரையில் மொசாம்பிக் பக்கமிருந்து வெந்நீர் அகுல்லாஸ் நீரோட்டமாகத் தெற்கே ஓடிவருகிறது. டர்பன் அந்த வெந்நீர்ப் பாதையில் இருக்கிறது. இன்னும் தெற்கே, கேப் பக்கம், மோசல் பே போன்ற இடங்களில் தண்ணீர் குளிர்ந்துவிடும். அங்கே கரையோரத்தில் துடுப்பு வெளியே தெரியும்படி மேய்கிற கொம்பன் குட்டிகள் பெரும்பாலும் வழுநெற்றிதான். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணக் கடலில் இரண்டும் கலந்து வரும். அதனால்தான் இந்தக் கரையில் அந்தப் பள்ளத்துக்கு இவ்வளவு மதிப்பு.

நெளிநெற்றியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெந்நீர்ப் பிராணியான அது இரவில் எண்ணூறு மீட்டருக்கும் கீழே, குளிர்ந்த இருட்டுக்குள், இரைக்காக முக்குளிக்கிறது. உடல் சூடு எப்படித் தாங்குகிறது? ஹவாயில் சில சுறாக்களின் மேல் கருவிகளைப் பொருத்திப் பார்த்தவர்கள் 2023இல் விடை சொன்னார்கள்: அது மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. செவுள்களை மூடிவிட்டால் குளிர்ந்த நீர் உள்ளே பாயாது, இரத்தம் குளிராது. முத்துக் குளிப்பவர் காற்றுக்காக மூச்சை அடக்குகிறார். இந்த மீன் சூட்டுக்காக அடக்குகிறது. மீன் மூச்சைப் பிடிப்பதாவது என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது எண்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நெளிநெற்றிக் கொம்பன் ‘மிக அருகிய இனம்’. முற்றாக அழிவதற்கு முந்தைய படிகளில் ஒன்று அது. 2007இல் அதைவிட ஒரு படி மேலே, ‘அருகிய இனம்’ என்று இருந்தது. 2019இல் வெளிவந்த மதிப்பீட்டில் கீழே இறங்கியது. வழுநெற்றிக் கொம்பன் அதே 2019 மதிப்பீட்டிலும் ‘அழிவாய்ப்பு இனம்’, அதாவது இரண்டு படி மேலே. இந்தப் படிகள் ஏதோ வாக்கெடுப்பில் வந்தவை அல்ல. மூன்று தலைமுறைக் காலத்துக்குள் தொகை எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே முக்கிய அளவுகோல். எண்பதுக்கு மேல் குறைந்திருந்தால் மிக அருகியது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் அழிவாய்ப்பு. தலைமுறை என்பது நம் கணக்கில் ஒன்றும் சிறியதல்ல. கொம்பனுக்கு மூன்று தலைமுறை என்றால் எழுபது ஆண்டுக்கு மேல். அங்கிளின் வயது.

ஒரே குடும்பம், ஒரே உருவம், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் குட்டிகள். பிறகு ஏன் ஒன்று எண்பதைத் தாண்டிக் குறைந்தது, மற்றது பாதி கூடக் குறையவில்லை? நான் இதற்கு ஒரு விடையைத் துலக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். படிக்கப் படிக்க, விடையில் பாதி கடலில் இருக்கிறது, பாதி நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

கடலில் இருக்கும் பாதி டர்பனுக்கு வடக்கே துகேலா ஆற்றின் வாயில் தெரியும். துகேலா கொண்டுவரும் வண்டல் கடலடியில் விரிந்து ஒரு திட்டாகிக் கிடக்கிறது. வண்டலில் இறால் செழிக்கும். இறால் இருக்கும் இடத்தில் இழுவைப்படகு இருக்கும். அதே கலங்கல் வெந்நீர்தான் நெளிநெற்றிக் குட்டிகளின் தொட்டில்; பெரிய சுறாக்களின் கண்ணில் படாமல் வளர அந்தக் கலங்கல் வசதி. இழுவை வலைக்கு இறாலும் தெரியாது, குட்டியும் தெரியாது. அங்கே இறாலோடு சேர்ந்து வரும் சுறாக்களில் இந்தக் குட்டிகள் ஏராளம் என்பது 1990களிலேயே எழுதப்பட்டுவிட்டது. 2019இல் அரசு 20 புதிய கடல் காப்பிடங்களை அறிவித்தபோது துகேலாத் திட்டும் அதில் இடம்பெற்றது. நாகப்பட்டினத்தில் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா தெருத்திண்ணையில் உட்கார்ந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டுவார். இங்கேயும் ஒரு திண்ணையில் யாரோ திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எனக்கு அதைத் தள்ளிவிட முடியாது.

தொட்டிலில் தப்பினால் அடுத்தது குளிக்கும் கரை. 1957 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஈஸ்டர் வரை டர்பனுக்குத் தெற்கே உள்ள கடற்கரைகளில் சுறாத் தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்தன. விடுதிகள் காலியாயின. டர்பனில் குளிப்பவர்களைக் காக்க 1952 முதலே சுறாவலை இருந்தது. பிறகு மற்றக் கரைகளுக்கும் பரவியது. 1964இல் அதற்கென்று ஒரு வாரியமே வந்தது. அம்ஷ்லாங்காவில் அதன் தலைமையகம். வலை என்றால் கரையை அடைத்து நிற்கும் வேலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் இருநூறு மீட்டரை ஒட்டிய நீளம், ஆறு மீட்டர் ஆழம். வலைக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி உண்டு. அடியிலும் ஓரத்திலும் புகுந்து சுறா வந்து போகலாம். கரைப்பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்போது சிக்குபவையும் கணிசம். ஆகவே அது சுறாவைத் தடுக்கும் வலை அல்ல. சுறாவைக் குறைக்கும் வலை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், செவுள்வலை. மனிதரைத் தொடாத கொம்பனும் அதில் சாகிறது.

ஆனால் அந்த வலை ஒரு நல்லதையும் செய்தது. அதில் சிக்கிய ஒவ்வொன்றையும் ஒருவர் தலையோடு பார்த்து, இனம் பிரித்து, அளந்து எழுதினார். 1978 முதல் 2003 வரையிலான அந்தக் குறிப்பேடுகளை வைத்து 14 சுறா இனங்களின் போக்கை ஆராய்ந்தார்கள். நான்கு இனங்கள் சிக்கும் வீதம் தெளிவாக இறங்கியிருந்தது. அந்த நான்கில் இரண்டு கொம்பன்கள்: நெளிநெற்றியும், முதுகுத்துடுப்பு அரிவாளாக நிமிர்ந்த பெரிய கொம்பனும். வழுநெற்றி அந்த நால்வரில் இல்லை. உலகப் பட்டியலில் நெளிநெற்றி கடைசிப் படிகளுக்கு இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையின் நோட்டுப் புத்தகம் அதைச் சொல்லிவிட்டது. நெற்றியைப் பார்த்து எழுதியதால் சொல்ல முடிந்தது.

மற்ற இடங்களில் அப்படி யார் எழுதினார்கள்? ‘கொம்பன், இத்தனை கிலோ’ என்று எழுதியிருப்பார்கள். எங்கள் துறைமுகத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நானே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். உலகத்தின் பெரும்பகுதியில் இரண்டு இனமும் ஒரே பத்தியில் கூட்டப்பட்டன. அந்தக் கூட்டலில் வழுநெற்றி குறைந்ததா, கூடியதா என்று பிரித்தெடுப்பது கடினம். ‘அழிவாய்ப்பு’ என்ற மெத்தையான படியில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் நிம்மதி அடையவில்லை. வழு என்ற பெயரை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் இதுதான்.

ஹாங்காங்கில் பீலி (சுறாத் துடுப்பு) வாங்கி விற்கும் வியாபாரிகளும் இவ்விரண்டின் பீலிக்கும் ‘சுன் சி’ என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய கொம்பனுக்கு மட்டும் தனிப் பெயர். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கே பிரிக்கத் தேவைப்படவில்லை என்றால் சுங்கச் சாவடியில் நிற்கிறவர் என்ன செய்வார்? வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை 2013இல் பாங்காக்கில் கூடியபோது இதைத்தான் யோசித்தது. நெளிநெற்றியை அதன் நிலைமைக்காக, ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு கேட்கும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். வழுநெற்றியையும் பெரிய கொம்பனையும் அதனோடு சேர்த்ததற்குச் சொன்ன காரணம் உருவ ஒற்றுமை. அறுத்த பீலியைப் பார்த்து எது எது என்று பிரிப்பது பழகாத கண்ணுக்குக் கடினம். ஆகவே எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அண்ணன் நோயாளி, தம்பிக்கும் அதே முகம், தம்பியையும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடு என்பதைப்போல. எனக்கு இது வேடிக்கையாகவும் இருக்கிறது, மிகச் சரியாகவும் படுகிறது. 2022இல் பனாமாவில் கூடியபோது கொம்பன் குடும்பம் முழுவதையும் சேர்த்துவிட்டார்கள்.

முகம் ஒன்றாக இருப்பதன் உச்சம் அமெரிக்காவில். கரோலினாக் கரையில் நெளிநெற்றி என்று நினைத்திருந்தவற்றுக்குள் வேறு ஓர் இனமே ஒளிந்திருந்தது. மரபணு ஆய்வில் தெரியவந்த அதற்கு 2013இல் முறைப்படி பெயர் வைத்தார்கள். நெற்றியிலும் அதே பள்ளம். மரபணுவைப் பார்த்தாலோ முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணினாலோதான் வேறுபாடு தெரியும். அங்கிளிடம் சொன்னேன். “அதற்கு என் சுண்டுவிரல் போதாது” என்றார்.

என் மகள் பிறந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வேண்டும் என்பது அம்மாவுக்குச் சட்டம். நகரத்தின் ஒரு மீன் சந்தைக்குப் போனோம். சுறா கிடைத்தது. ஆனால் தலையும் இல்லை, வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. வெள்ளைத் துண்டு மட்டும். “இது என்ன சுறா என்று கேள்” என்றார் அம்மா. கேட்டேன். “சுறா” என்றார் கடைக்காரர். அம்மாவுக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. “தலையைக் காட்டாமல் மீன் விற்கிறவனிடம் எப்படி வாங்குவது?” என்று தமிழில் சத்தமாகக் கேட்டார். கடைசியில் வாங்கினோம், மஞ்சள் போட்டு வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் மிளகும் பூண்டும் போட்டுப் புட்டுச் செய்தார். (பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், தாய்மார்கள் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதை அப்போது நான் அறியவில்லை. அறிந்திருந்தாலும் அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் வந்திருக்காது.) நான் தின்றது எந்த இனம் என்று எனக்குத் தெரியாது. வெட்டிய துண்டில் நெற்றி இல்லை. அம்மா அன்று கோபப்பட்டது புத்தம்புது மீனா என்பதற்காகத்தான். ஆனால் சுறாக்களைப் பற்றி நான் படித்த அத்தனை அறிக்கைகளின் குறையையும் அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார்.

அங்கிளின் குடும்பத்துக்கும் கடல் தூரமல்ல. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் கரும்பைவிட்டு வலைக்குத் திரும்பினார்கள். டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டுக் கரைவலை இழுத்தவர்களில் அங்கிளின் தாத்தாவும் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் தீவு கடற்படைக்குப் போனது. மீன்பிடித்தவர்கள் எதிர்க்கரைக்குப் போனார்கள். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து அவர்களைக் கடலே தெரியாத சாட்ஸ்வொர்த் மேட்டில் ஏற்றிவிட்டது. இன்றும் ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் வரும்போது இங்கே சில குடும்பங்கள் கரைவலை இழுக்கின்றன. அந்த நாள்களில் சுறாவலைகளையும் கழற்றிவைப்பார்கள். மத்தியின் பின்னால் வரும் சுறாவும் ஓங்கிலும் (டால்பின்) கூட்டமாகச் சிக்கிவிடும் என்பதற்காக.

அவருடைய தாத்தா காலத்தில் கரைவலையில் வேளா மீன் வரும் என்று அங்கிள் சொல்வார். இரம்பம்போல் மூக்கு நீண்டது. ‘வேளா’ என்ற அந்தத் தமிழ்ச் சொல்லை அவர் வாயில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு தலைமுறை தாண்டி அந்த ஒரு பெயர் பிழைத்திருக்கிறது. மீன் பிழைக்கவில்லை. தென்னாப்பிரிக்கக் கரையில் வேளா கடைசியாக உறுதியாகப் பதிவானது 1999இல். ஒருகாலத்தில் வடக்கே செயின்ட் லூசியாக் கழிமுகத்தில் அதன் குட்டிகள் வளர்ந்தன. “ஒரு நாளில் நின்றுவிடவில்லை அம்மா” என்றார் அங்கிள். “போன வருஷம் வந்தது, இந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷம் வரும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம்.”

நான் மகளை ஒருமுறை அம்ஷ்லாங்காவுக்கு அழைத்துப்போனேன். அங்கே வலையில் செத்த சுறாவைப் பொதுமக்கள் முன்னால் அறுத்துக் காட்டி விளக்குவார்கள். அன்று மேசையில் கிடந்தது கொம்பன். மகள் முன்வரிசையில் உட்கார்ந்து, அறுக்கத் தொடங்கும் முன்பே எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். “பள்ளம் இல்லை அம்மா” என்று தமிழிலேயே கத்தினாள். விளக்க வந்தவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னவென்று கேட்டார். நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலைவலி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இந்த ஜனவரியில் அங்கிளிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. புளூ லகூன்தான், பின்னால் அதே தேநீர் ஆறு. போன ஆண்டுப் பையனின் கையில் மறுபடியும் ஒரு கொம்பன் குட்டி. படத்தைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள். ஒரு கண் தெரிகிறது, தலையின் ஒரு முனை தெரிகிறது, நெற்றி விளிம்பு தெரியவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். “மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள் அங்கிள், பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று எழுதினேன்.

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. “பையன் விட்டுவிட்டான்.”